கணக்காளர் தேர்வுக்கு ஒரு நேரக் கணக்கு

வணிகவியல் பயிலும் மாணவர்களுள் பெரும்பாலோர்க்குப் பட்டத்திற்குப் பின் என்ன செய்வது என்ற கேள்வி மூன்றாம் ஆண்டில்தான் எழுகிறது. தொழில்முறைக் கணக்காளர் தேர்வு என்றதும், ‘அது நகரத்துப் பிள்ளைகளுக்கு உரியது; பயிற்சி வகுப்பும் நிறைய நேரமும் இருந்தால்தான் முடியும்’ என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். பயிற்சி வகுப்பு நம் பகுதியில் அரிது என்பது உண்மை. நேரமும் குறைவுதான். ஆயினும் குறைந்த நேரத்தைக் கணக்கிட்டுச் செலவிட்டால் இத்தேர்வை எழுதித் தேற முடியும் என்பது என் அனுபவம். அந்தக் கணக்கை நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டில் இத்துறையில் முதன்மையான அமைப்புகள் இரண்டு. ஒன்று, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சார்ட்டர்டு அக்கவுண்டண்ட்ஸ் நிறுவனம். மற்றொன்று, 1944இல் தொடங்கி, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்ற காஸ்ட் அக்கவுண்டண்ட்ஸ் நிறுவனம். நம் ஆசிரியர்கள் ஐ.சி.டபிள்யூ.ஏ. என்று குறிப்பிடுவது இதையே. 2012இல் இதன் பெயர் மாறியது. இன்று சி.எம்.ஏ. என்று வழங்கும் இந்த இரண்டாவது தேர்வையே நான் தேர்ந்துகொண்டேன். அதற்கு என் ஊரும் ஒரு காரணம். அதைப் பின்னர் கூறுகிறேன்.

தேர்வின் அமைப்பு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் முதலில் நான்கு தாள்கள் கொண்ட ஃபவுண்டேஷன் தேர்வை எழுத வேண்டும். பட்டதாரிகள் நேரே இண்டர்மீடியட்டில் சேரலாம். நான் முதலாம் ஆண்டிலேயே ஃபவுண்டேஷன் எழுதித் தேறினேன். இண்டர்மீடியட்டில் எட்டுத் தாள்கள்; அவை இரண்டு குரூப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 2022ஆம் ஆண்டுப் பாடத்திட்டப்படி முதல் குரூப்பில் வணிகச் சட்டமும் நெறிமுறையும், நிதிக் கணக்கு, நேர்முக மறைமுக வரிகள், அடக்கவிலைக் கணக்கு ஆகிய நான்கு தாள்கள் உள்ளன. தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும் நடைபெறுகிறது.

மதிப்பெண் விதியை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தாளிலும் 40 பெற வேண்டும். குரூப் முழுவதிலும் சராசரி 50 வேண்டும். நான்கு தாளிலும் 40 வீதம் பெற்றால் 160 ஆகும், தேர்ச்சி இல்லை. 200 வேண்டும். ஆகவே கணக்குத் தாள்கள் இரண்டிலும் 60 வீதம் பெற்றால், சட்டத்திலும் வரியிலும் 40 பெற்றாலே கரை ஏறலாம். குரூப் தவறினாலும் ஒரு தாளில் 60 பெற்றிருந்தால் அத்தாளை மீண்டும் எழுத வேண்டியதில்லை என்ற சலுகையும் உண்டு. எல்லாத் தாளுக்கும் ஒரே அளவு உழைப்பு என்பது இங்கே பொருந்தாது. வலுவான இரண்டை மேலும் வலுவாக்கிக்கொள்வதே அறிவுடைமை.

கையில் உள்ள நேரம்

என் ஊர் ஆலங்குளம். தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் அன்று. விருதுநகர் மாவட்டத்தில், ராஜபாளையத்திற்குக் கிழக்கே, சிமெண்ட் ஆலையால் பெயர் பெற்ற ஆலங்குளம். என் தந்தையார் லாரி ஓட்டுநர். நான் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று கேட்டபோது அவர் மறுக்கவில்லை. “இந்தத் தடவை விட்டுப்போச்சுன்னா மறுபடியும் ஆறு மாசமாப்பா?” என்று மட்டும் கேட்டார். தங்கை அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். அவளை எங்கே சேர்ப்பது என்பதும் என் ஆறு மாதத்தைப் பொறுத்திருந்தது. எனவே ‘எழுதிப் பார்ப்போம்’ என்று எழுதும் நிலையில் நான் இல்லை.

ஜனவரி தொடக்கத்தில் ஒரு தாளை எடுத்து நேரத்தைக் கணக்கிட்டேன். நாள்களை எண்ணாமல் மணிகளை எண்ணினேன். ‘ஐந்து மாதம் இருக்கிறது’ என்று எண்ணினால் நிறைய இருப்பதுபோல் தோன்றும். மணியாக்கினால்தான் உண்மை தெரியும். காலையில் நாலரை முதல் ஆறரை வரை 2 மணி. பேருந்தில் அரை மணி. ஆக வாரத்தில் ஆறு நாள்களுக்கு 15 மணி. ஞாயிற்றுக்கிழமை 6 மணி. வாரத்திற்கு 21 மணி வீதம், ஏப்ரல் முதல் வாரம் வரை 14 வாரத்திற்கு 294 மணி. பின்னர்ப் பருவத் தேர்வு. அந்த மூன்று வாரத்திற்கு ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொண்டேன். விடுமுறையில் ஆறு வாரம், வாரம் ஆறு நாள், நாள் ஒன்றுக்கு 7 மணி, 252 மணி. மொத்தம் 546. பொங்கல், பங்குனித் திருவிழா, காய்ச்சல், மின்வெட்டு, விருந்தினர் வருகை இவற்றுக்கெல்லாம் பத்தில் ஒரு பங்கைக் கழித்தேன். மிச்சம் ஏறத்தாழ 490 மணி.

இந்த எண் கிடைத்ததும் பல ஐயங்கள் தாமே தீர்ந்தன. இரண்டு குரூப்பையும் ஒருசேர எழுதலாமா என்பது முதல் ஐயம். எட்டுத் தாளுக்குப் பங்கிட்டால் தாளுக்கு 61 மணி. நான்கு தாளுக்கு என்றால் 122 மணி. அறுபது மணியில் ஒரு பாடத்தை ஒருமுறை படிக்கலாம்; மறுமுறை பார்க்க இயலாது. எனவே ஒரு குரூப் என்று முடிவு செய்தேன். அடக்கவிலைக்கு 140, நிதிக் கணக்குக்கு 130, வரிக்கு 130, சட்டத்திற்கு 90 எனப் பங்கிட்டுக்கொண்டேன். முழு நேரமும் படிக்க வாய்ப்புள்ளவர்கள் இரண்டையும் எழுதலாம். கல்லூரிக்கு வந்துகொண்டே எழுதுபவருக்கு ஒன்றே போதும் என்பது என் கருத்து.

ஒரு படிப்பில் இரு பயன்

நம் வகுப்பில் நடத்தப்படும் பாடத்திற்கும் இத்தேர்வுக்கும் உள்ள உறவைப் பலர் கவனிப்பதில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமும் இரண்டிலும் உண்டு. கூட்டாண்மைக் கணக்கு, அடக்கவிலைக் கணக்கு, வருமான வரி ஆகியனவும் அப்படியே. வகுப்பில் ஒரு பகுதி நடத்தப்படும் வாரத்திலேயே, அதே பகுதியைத் தேர்வு நூலிலும் பார்த்துவிட வேண்டும். பேராசிரியர் அருகில் இருக்கும்போதே ஐயம் தீரும். பருவத் தேர்வுக்குப் படிப்பதும் வீணாகாது. பட்டப் படிப்பைப் புறக்கணித்துவிட்டு இதைப் படிப்பது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்ப்பது போன்றதே.

ஊரே பாடநூல்

நம் பகுதியில் பிறந்தவர்களுக்கு அடக்கவிலைக் கணக்கு அந்நியமான பாடம் அன்று. ஆலங்குளத்தில் 1970இல் உற்பத்தியைத் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலை, ராஜபாளையத்தில் நூற்பாலைகள், சிவகாசியில் அச்சகங்கள், திருவில்லிபுத்தூரில் பால்கோவா. பாடநூலில் வரும் கணக்கு முறைகளுள் பலவற்றைப் பேருந்துப் பயணத்திலேயே காணலாம். அச்சகத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனிக் கணக்கு. அது ஜாப் காஸ்டிங். சிமெண்டும் பால்கோவாவும் படிப்படியாக உருவாகின்றவை. அவை பிராசஸ் காஸ்டிங்.

பிராசஸ் காஸ்டிங்கில் மாணவரைக் குழப்புவது நட்டக் கணக்கு. பால் சுண்டினால்தான் பால்கோவா ஆகும். சுண்டிப் போன நீர் நட்டமன்று என்பது கிண்டுபவருக்குத் தெரியும். சுண்ணாம்புக் கல்லும் அப்படியே. தூய சுண்ணாம்புக் கல் 100 பங்கைச் சுட்டால் 44 பங்கு கரியமில வாயுவாகிப் போய்விடும். இவை இயல்பான நட்டம். அடிப்பிடித்துக் கருகினால் அது இயல்பு கடந்த நட்டம். இப்போது ஒரு கணக்கு: 1,000 கிலோ பொருள், மொத்தச் செலவு 18,000 ரூபாய், இயல்பான நட்டம் 10 விழுக்காடு, அதற்கு விற்பனை மதிப்பு இல்லை. கிடைத்தது 880 கிலோ. அடக்கவிலை என்ன? 18,000ஐ 880ஆல் வகுக்கக் கூடாது. கிடைத்திருக்க வேண்டிய 900ஆல் வகுக்க வேண்டும். கிலோ 20 ரூபாய். நல்ல சரக்கின் மதிப்பு 17,600. காணாமற்போன 20 கிலோவின் மதிப்பு 400 ரூபாய் லாப நட்டக் கணக்குக்குப் போகும். தவிர்க்க முடியாத நட்டத்தை நல்ல சரக்கு சுமக்கும். கவனக்குறைவின் நட்டத்தை அது சுமக்காது. இக்கருத்து பிடிபட்டால் சூத்திரம் தேவையில்லை.

லாரிக்கு டன்-கிலோமீட்டர் கணக்கு. 10 டன் ஏற்றி 30 கிலோமீட்டர் சென்று, 4 டன்னை இறக்கி, மீதி 6 டன்னுடன் மேலும் 20 கிலோமீட்டர் போகும் லாரியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே பெருக்கினால் 300ம் 120ம் சேர்ந்து 420. சராசரிச் சுமை 8 டன்னை மொத்தத் தொலைவு 50ஆல் பெருக்கினால் 400. முதலாவது அப்சொலூட் முறை. இரண்டாவது கமர்ஷியல் முறை. இந்த வேறுபாட்டை என் தந்தையாரிடம் சொன்னபோது, “வாடகையை எந்தக் கணக்குல தர்றாங்கன்னு பாரு” என்றார். தேர்வாளர் கேட்பதும் அதையேதான்.

மூன்று சுற்று

ஒவ்வொரு பாடத்தையும் மூன்று சுற்றாகப் படிப்பது நலம். முதற் சுற்றில் கருத்தை அறிதல். ஒதுக்கிய நேரத்தில் பாதி இதற்குப் போகும். இரண்டாம் சுற்றில், தீர்வைப் பாராமல் பேனா பிடித்துக் கணக்கை முழுவதும் போடுதல். மூன்றாம் சுற்றில் கடிகாரம் வைத்துப் போடுதல். தீர்வைப் படித்து ‘புரிந்துவிட்டது’ என்று தலையாட்டுவது கணக்குப் பாடத்தில் படிப்பாகாது. இடறும் இடங்களை மட்டும் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டால், கடைசி வாரத்தில் அந்த நோட்டே போதும்.

எபிங்காஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதித்து, மறதியைப் பற்றிய ஆய்வை 1885இல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதியை முதல் சில நாள்களிலேயே மறக்கிறோம். பின்னர் மறதியின் வேகம் குறைகிறது என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே இன்று படித்த சட்டப் பிரிவை நாளை ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, அடுத்த மாதம் ஒருமுறை நினைவுகூர வேண்டும். பேருந்தின் அரை மணி நேரம் இதற்கு மிகவும் ஏற்றது. உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் மனத்துக்குள் சொல்லிப் பார்க்கலாம்.

நூலும் மொழியும்

மூத்த மாணவர்களின் பழைய நூல்களை வாங்கிப் படிப்பது நம் வழக்கம். நிதிக் கணக்குக்கும் அடக்கவிலைக்கும் பாடத்திட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு அவ்வாறு படிக்கலாம். வரிப் பாடத்திற்குக் கூடாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திற்கு மாற்றாக, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி 2025இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. நாம் எழுதும் பருவத்திற்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை நிறுவனம் அறிவிக்கும். அதைப் பார்த்த பின்னரே நூலைத் திறக்க வேண்டும். பாடநூல்களையும் மாதிரித் தாள்களையும் நிறுவனமே தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. ஒரு மாதிரித் தாளை அச்செடுக்கும் செலவு ஒரு காப்பிக் காசுதான்.

தமிழ் வழியில் பயின்று வந்தவர்களுக்கு ஆங்கிலம் ஒரு தடையாகத் தோன்றும். இத்தேர்வைத் தமிழில் எழுத வழியில்லை. ஆனால் தேவைப்படுவது இலக்கிய ஆங்கிலம் அன்று. சில நூறு கலைச்சொற்களே. அவற்றைத் தமிழில் பொருள் அறிந்து ஆங்கிலத்தில் எழுதப் பழக வேண்டும். அலொகேஷன் என்றால் ஒரு செலவை முழுவதும் ஒரே பிரிவின்மேல் எழுதுவது. சூளைத் தொழிலாளியின் கூலி சூளைப் பிரிவுக்கே. அப்போர்ஷன்மென்ட் என்றால் பொதுச் செலவைப் பங்கிடுவது. கட்டட வாடகை இடத்தின் பரப்புக்கு ஏற்ப எல்லாப் பிரிவுக்கும். சட்டத்தில் ‘ஷல்’ என்றால் கட்டாயம். ‘மே’ என்றால் விருப்பம். இப்படி நாளுக்கு ஐந்து சொல் எழுதிவந்தால் நான்கு மாதத்தில் அறுநூறு சொல் நம்முடையதாகும்.

தேர்வு மண்டபத்தில்

100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். நான் எழுதிய தாளில் 30 மதிப்பெண் விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்கு. மீதி 70க்கு 14 மதிப்பெண் வினாக்கள் ஐந்து. முதற் பகுதிக்கு 40 நிமிடம், பின்னர் வினாவுக்கு 26 நிமிடம் வீதம் 130, சரிபார்க்க 10 நிமிடம் எனப் பிரித்துக்கொண்டேன். 26 நிமிடம் முடிந்ததும், கணக்கு ஒத்துவராவிட்டாலும், இடம் விட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட வேண்டும். ஐந்தொகை இருபுறமும் ஒத்துவர வேண்டும் என்று அரை மணி நேரம் போராடிப் பெறுவது ஓரிரு மதிப்பெண். எழுதாமல் விட்ட வினாவில் இழப்பது 14. மே மாதத்து ஞாயிறுதோறும் முழுத் தாளை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பழகியதால், மதுரையில் தேர்வு மண்டபம் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

முடிவுரை

முதல் குரூப்பில் தேறிவிட்டேன். இரண்டாம் குரூப்புக்கு இப்போது மீண்டும் மணிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். தூக்கத்தைத் துறந்தோ, பயிற்சி நிலையத்திற்குப் பெரும்பொருள் கொடுத்தோ இதைச் செய்யவில்லை. இருக்கும் நேரத்தின் அளவை அறிந்து, அதற்குள் அடங்கும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டேன், அவ்வளவே. அடக்கவிலைக் கணக்கின் அடிப்படையும் இதுதான் அல்லவா? கையில் உள்ள பொருளின் அளவு தெரியாமல் விலை கூற முடியாது.

இண்டர்மீடியட்டில் ஜூன் தேர்வை எழுத விரும்புவோர் ஜனவரி மாதத்திற்குள்ளும், டிசம்பர் தேர்வுக்கு ஜூலை மாதத்திற்குள்ளும் பதிவு செய்துகொள்ள வேண்டும். கலைச்சொல் நோட்டின் படி ஒன்றைத் துறை நூலகத்தில் வைத்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டு நண்பர்கள் அதை எடுத்துப் படிப்பதோடு, விடுபட்ட சொற்களையும் எழுதிச் சேர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.