ஏரி நிரம்பினா தண்ணி எங்கே போகும்?



பூந்தமல்லி பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. அதன் முழு உயரம் 24 அடி. அதுக்கு மேல தண்ணி நின்னா கரைக்கு ஆபத்து. அதனால் மதகைத் திறந்து உபரி நீரை விடுவார்கள். அது அடையாறு வழியாகக் கடலுக்குப் போகும்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெரிய மழை. அன்று ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். நான் பெருக்கிப் பார்த்தேன். நொடிக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல்! 12,000 லிட்டர் தண்ணி லாரி 67 ஒரே நொடியில் கொட்டின மாதிரி. ஆற்றோரம் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகள் மூழ்கின.

சின்ன ஏரிக்கும் இதே கதைதான். அம்பத்தூர் ஏரி நிரம்பினா தண்ணி கொரட்டூர் ஏரிக்குப் போகணும். வழியில் கால்வாய் அடைச்சிருந்தா தெருவுக்குள்ள வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தப்போ எங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. என் புத்தகம், அம்மாவோட தையல் மெஷின் எல்லாம் நனைஞ்சு போச்சு. வடிஞ்ச பிறகு கால்வாய்ப் பாலத்துக்கு அடியில் பார்த்தோம். பிளாஸ்டிக் கவர், தெர்மாகோல், பழைய பாய். அதில் நாங்க போட்ட கவரும் இருந்திருக்கும்.

நாம் செய்ய வேண்டியவை:
1. கால்வாயில் குப்பை போடக் கூடாது.
2. மழைக்கு முன்பே ரேஷன் கார்டு, சர்டிபிகேட், புத்தகங்களைக் கவரில் கட்டி பரண் மேல வைக்கணும்.
3. தேங்கின தண்ணியில் மின்கம்பம் பக்கம் போகாதீங்க.
4. அவசர உதவிக்கு 1070, மாவட்டத்துக்கு 1077.