கைப்பிடி தளர்கிறதா? கவனிக்க ஐந்து குறிப்புகள்

1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியேறிய, கிரேட் நிக்கோபார் தீவிலுள்ள கேம்பல் பேயில், தேங்காய் உரிக்கவோ புட்டி மூடியைத் திறக்கவோ மூத்தோர் திணறினால், அதை முதுமை என்று ஒதுக்காமல் பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்பது நலம்.

1. கைப்பிடியின் விசையைக் கிலோகிராமில் காட்டும் பிடிவலுமானியால் இரு கைகளையும் அளக்கச் செய்க; முதுமைத் தசையிழப்பை ஆராயும் ஆசிய வல்லுநர் குழுவின் 2019 வரையறைப்படி ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழிருப்பது தசைவலுக் குறைவாகும்.

2. அளவைக் குறித்துவைத்து அவ்வப்போது ஒப்பிடுக. இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பிடிவலு 5 கிலோ குறைவாக இருந்தபோது இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

3. நாற்காலியிலிருந்து எழுந்தமர்வதையும் தாங்கக்கூடிய சுமையுடன் நடப்பதையும் பழகுக. பிடிவலு உடல்நலத்தின் அடையாளமேயன்றி அதன் காரணமன்று என்பதால், கையை மட்டும் பயிற்றுவது போதாது.

4. மீன், முட்டை, பயறு ஆகியவற்றில் ஒன்றை வேளைதோறும் சேர்க்க; தசை வளரப் புரதம் வேண்டும்.

5. ஒரு கை மட்டும் திடீரெனத் தளர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு விரைக. அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம்.