மடிக்கணினியின்றிப் பிரயாணஞ் செய்வார் வீடியோக்களுக்குப் பிரதியெடுக்கும் முறை

ஒரு நூலைப் பலபடியாகப் பெயர்த்தெழுதி வெவ்வேறிடங்களில் வைத்துப் பேணும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. பனையோலை இந்நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுங்காலம் நில்லாது; கறையானும் பூச்சியும் அதனை அரித்துவிடும். ஆதலின் பழைய ஓலை சிதையுமுன்னரே புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வந்தனர் நம் முன்னோர். மடத்திலொன்றும் புலவர் வீட்டிலொன்றுமாகப் பிரதிகள் பலவிடத்தும் பரவிக் கிடந்தமையாலன்றோ, 1887-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் சீவகசிந்தாமணியைப் பல ஏடுகளோடு ஒப்புநோக்கிப் பதிப்பித்தல் இயன்றது! ஒரே இடத்தில் ஒரே படியாக இருந்தவற்றின் கதி வேறு. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய காளிதாஸுக்கு இன்று ஒரு பிரதியும் கிடைத்திலது. 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் கடையிற் கிடைப்பனவற்றை மீண்டும் வாங்கி அடுக்கினர். வேறெங்கும் படியில்லாத சுவடிகளை எக்கடையில் வாங்குவது?

அச்சு யந்திரம் வந்தபின் படியெடுக்குந் தொழில் நம் கையைவிட்டு நீங்கிற்று. 1715-இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது முதல், ஒரே நூலுக்கு நூறும் ஆயிரமுமாகப் பிரதிகள் தாமே பெருகலாயின. இக்காலத்துக் காமிராவும் செல்போனுமோ, நம்மை மீண்டும் ஏடெழுதுவார் நிலைக்கே கொண்டுவந்து விட்டன. நாம் எடுக்கும் வீடியோ, எடுத்த அந்த நிமிஷத்தில், விரல் நகத்தளவான ஒரு கார்டில் ஒரே படியாக இருக்கின்றது. அதற்குப் பிரதி செய்யும் பொறுப்பு எடுத்தவருடையதே. வீட்டிலிருப்பார்க்கு இது கடினமன்று. பிரயாணத்தில், அதிலும் மடிக்கணினியைச் சுமவாது செல்வார்க்கு, இஃது எவ்வாறு கூடும் என்பதே ஈண்டு ஆராயப்புகுந்த பொருள்.

உதாரணத்திற்கு நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டுவித்தபோது, பொங்கிய ஊற்றுநீரோடு கரும்பழுப்பான ஒரு பொருளும் வெளிப்பட்டது. அதுவே இவ்வூர் வரலாற்றின் தோற்றுவாய். 1956-இல் லிக்னைட் கழகம் நிறுவப்பெற்றது. 1957 மே மாதத்தில் பண்டித நேரு சுரங்கவேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962-இல் சோவியத் நாட்டின் உதவியோடெழுந்த முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கிற்று. மேல்மண்ணை அகழ்வது, சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகள் பொருத்திய பேரியந்திரம். கரிப்படுகையின் கீழே அழுத்தத்தோடு தேங்கிநிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டேயிராவிடின் சுரங்கத்தின் தரையே வெடித்தெழும். காணத்தக்க காட்சிதான், எனினும் உரிய அனுமதி பெறாது சுரங்கத்துட் காமிராவை எடுத்துச் செல்லுதல் கூடாது.

இவ்வூரை நாம் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் வேறு. இங்கே எடுத்த படத்தை மறுமுறை எடுத்தல் இயலாது. திறந்தவெளிச் சுரங்கம் ஓரிடத்தே நிற்பதன்று. ஒருபுறம் அகழ்ந்துகொண்டே முன்னேறும், மறுபுறம் அகழ்ந்த மண்ணாலேயே மூடப்படும். இன்று படத்திற் காணும் மண்சுவர் அடுத்த ஆண்டு அவ்விடத்திராது. முதல் அனல்மின் நிலையமும் 2020-இல் ஓய்வுபெற்றுவிட்டது. அஃது இயங்கிய நாளிற் படமெடுத்தார் எடுத்தாரே. இவற்றினும் அரியது மாந்தர் வாய்மொழி. சுரங்கத்தின்பொருட்டு நிலமும் வீடும் விட்டுப் பெயர்ந்த ஊரார், தம் ஊர்க்கோயில் இருந்த இடத்தையும் ஏரிக்கரையையும் நினைவிலிருந்து சொல்லுகின்றனர். எண்பது வயதுப் பாட்டி ஒருத்தி ஒரு பிற்பகல் முழுதும் மனங்கனிந்து பேசியதைக் கார்டுடனே இழந்துவிட்டு, மறுநாட் சென்று, “பாட்டி, இன்னுமொருமுறை சொல்லுங்கள்” என்றால், அவள் சொல்லக்கூடும். முதல்நாட் சொன்னது அதுவாயிராது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இவ்விஷயத்திற் பெரும்பாலார் இடர்ப்படுவது கணக்கறியாமையினாலேயே. நல்ல காமிரா ஒன்று 4-கே அளவில் வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்யுமாயின், 8 பிட் ஒரு பைட் ஆதலின், அது வினாடிக்கு 12.5 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட். 128 ஜிகாபைட் கார்டு மூன்று மணிக்குள் நிறைந்துவிடும். செல்போன்கள் இன்னும் நெருக்கமாகச் சுருக்கிப் பதிவனவாதலால் அதே 4-கே அளவுக்கு நிமிஷத்துக்கு 170 மெகாபைட் அளவில், மணிக்குச் சுமார் 10 ஜிகாபைட்டோடு அமைவனவும் உள. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் காமிராவிற் பேட்டியெடுக்கும் மாணவர் இரவு விடுதிக்குத் திரும்புங்கால் 180 ஜிகாபைட்டோடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“இணையத்தில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது” என்பார் பலர். வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் இடையறாது ஏறினாலும் 180 ஜிகாபைட்டுக்கு 40 மணி நேரம் வேண்டும். ஒருநாட் படத்தை ஏற்ற ஒன்றரை நாளுக்கு மேல் ஆகுமெனின், அவ்வழி வழியன்று. நாளைக்கு 2 ஜிகாபைட் தரும் சிம் கார்டினைக் கொண்டு முயல்வார்க்கோ 90 நாள் செல்லும். ஆகவே முழுப்படத்தையும் வானில் ஏற்றும் ஆசையை விட்டுவிடல் நலம்.

ஆயினும் இணையத்தை முற்றிலும் தள்ளவேண்டுவதில்லை. பேட்டியின் உயிர் குரலில் உளது. வினாடிக்கு 128 கிலோபிட் வீதம் பதியும் ஒலிப்பதிவு ஒரு மணிக்கு 58 மெகாபைட்டுக்கு மிகாது. நான்கு மணிப் பேட்டியும் 230 மெகாபைட்டில் அடங்கும். அன்றைய 2 ஜிகாபைட்டிலேயே அதனை ஏற்றிவிட்டு வீட்டாருடன் பேசவும் மிச்சமிருக்கும். அதற்கென வீடியோவிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்குஞ் சிரமமும் வேண்டா. பேசுவார் அருகே மற்றொரு செல்போனை ஒலிப்பதிவு செய்யுமாறு வைத்துவிட்டால், பேச்சு பிறக்கும்போதே இரட்டையாகப் பிறக்கின்றது. காமிரா பழுதுறினும் குரல் எஞ்சும். செலவின்றிக் கூடும் இவ்வுபாயத்தை முதற்கண் பரிந்துரைக்கின்றோம்.

படத்துக்கு வருவோம். மடிக்கணினியில்லாதார்க்குக் கணினி அவர் சட்டைப்பையிலேயே உளது. இக்காலச் செல்போனின் சார்ஜ் துளை மின்சாரம் பெறுவதற்கு மட்டுமன்று. கார்டு ரீடரும் ஹார்ட் டிஸ்க்கும் அதிற் பொருந்தும். இதனையே கடைக்காரர் ஓ.டி.ஜி. என்பர். வேண்டுவன நான்கே: செல்போன், கார்டு ரீடர், எஸ்.எஸ்.டி. இரண்டு, இவற்றையெல்லாம் ஒருங்கே செருக சிறு ஹப் ஒன்று. அந்த ஹப், சார்ஜரிலிருந்து மின்சாரம் வாங்கிப் பிற கருவிகட்குப் பகிர்ந்தளிப்பதாக இருத்தல் அவசியம். போன் தானே ஊட்டும் மின்சாரம் சொற்பம். அதனை நம்பி இரண்டு கருவிகளைச் செருகினால் பாதிப் பிரதியில் ஒன்று மயங்கி நின்றுவிடும். சுழலுந் தட்டுடைய பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னும் மிகுதியாக வேண்டும். பஸ்ஸின் குலுக்கமும் அதற்கு ஆகாது. எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. விலை சற்று மிகினும் பிரயாணத்துக்கு அதுவே தக்கது.

கேபிளைப் பற்றி ஒரு சொல். சார்ஜருடன் வரும் கேபிள்களுட் பல, பார்வைக்கு ஒன்றுபோலிருப்பினும், பழைய யு.எஸ்.பி. 2.0 வேகத்துக்கே இயன்றவை. வினாடிக்கு 35 மெகாபைட் செல்லுமெனின் நம் 180 ஜிகாபைட்டுக்கு ஏறத்தாழ 1 மணி 26 நிமிஷம் ஆகும். வேகமிக்க கேபிளும் ரீடரும் கொண்டு வினாடிக்கு 90 மெகாபைட் அடையின் 34 நிமிஷத்தில் முடியும். இரண்டு பிரதி எடுக்கவேண்டியிருத்தலின் இவ்வேறுபாடு ஓர் இரவின் உறக்கத்தளவு பெரிது. போன்களிலும் துளை 2.0 வகையாயிருப்பன உள, வாங்குமுன் கேட்டறிக.

எஸ்.எஸ்.டி.யை எக்ஸ்ஃபேட் முறையில் பார்மட் செய்துகொண்டு புறப்படுக. பழைய ஃபேட் 32 முறை 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு எதனையும் ஏலாது. ஒரு மணிப் பேட்டி ஒரே கோப்பாயின், பாதி இரவில் விளங்காத பிழைச்செய்தி ஒன்று திரையில் தோன்றும், காரணம் இதுவே. போனுக்கு எக்ஸ்ஃபேட் படிக்க வருமா என்பதனையும் ஊரிலிருக்கும்போதே சோதித்துக்கொள்ளல் வேண்டும். விடுதி அறையிற் சோதிப்பது காலங்கடந்த சோதனை.

பிரதியெடுக்குங்கால் “மூவ்” என்பதனைத் தொடாது “காப்பி” என்பதனையே தொடுக. இரண்டாம் பிரதியை முதற் பிரதியினின்று எடாது, மூலமாகிய கார்டினின்றே மீண்டும் எடுக்க. ஏடெழுதினோன் ஒருவன் செய்த பிழை, அவ்வேட்டைப் பார்த்தெழுதினோர் அனைவர் ஏட்டிலும் தொடர்ந்து வந்து பதிப்பாசிரியரைத் திணறச் செய்ததை நம் தமிழ் மாணாக்கர் நன்கறிவர். இங்கும் அதே நியாயம். இன்னும், போன் உறங்கிவிடாமற் பார்த்துக்கொள்க. சில போன்கள் திரையணைந்ததும் வேலையை நிறுத்திவிடும். சித்திரை வைகாசி வெயிலில் இரண்டு மணி நேரம் இடைவிடாது உழைக்கும் போன் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தலையணை மீது வையாது, விசிறிக் காற்றில் மேசைமேல் வைத்தல் தகும்.

கணினியின்றித் தாமே கார்டைப் படித்துப் பிரதி செய்யும் தனிக்கருவிகளும் விற்பனைக்கு வந்ததுண்டு. அவற்றுட் பல நின்றுபோயின. கையிலுள்ள போனே போதுமாயிருத்தலின் அவற்றை விரித்துரைக்கவில்லை. இரு கார்டு செருகும் காமிரா உடையார், இரண்டிலும் ஒருங்கே பதியுமாறு அமைத்துக்கொண்டால் பாதி வேலை முன்னரே முடிந்தது.

பிரதி எடுத்தாயிற்று என்பது வேறு, பிரதி இருக்கிறது என்பது வேறு. 1998-இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிலையத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் படம் ஆக்கப்பட்டு வந்தபோது, தவறாக இட்ட ஓர் ஆணையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதியைத் தேடினர்; அது சில காலமாகவே சரியாகப் பதியாதிருந்தமை அப்போதுதான் தெரிந்தது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை செய்துவந்த பெண்மணி ஒருவர் தம் வீட்டுக் கணினியில் ஒரு படி வைத்திருந்தமையால் படம் பிழைத்தது. அத்துணைப் பெரிய நிலையத்துக்கே இக்கதியெனின், நாம் ஒவ்வோரிரவும் மூன்று காரியம் செய்தல் மிகையன்று. கோப்புகளின் தொகை கார்டிலும் பிரதியிலும் ஒன்றாயிருக்கிறதா, மொத்த அளவு ஒன்றாயிருக்கிறதா எனப் பார்க்க. ஒவ்வொரு கோப்பினையும் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் சில வினாடி ஓட்டிப் பார்க்க. இதனினும் உறுதி வேண்டுவார்க்குச் ‘செக்சம்’ என்னும் முறை உண்டு. கோப்பிலுள்ள பைட்கள் அனைத்தையும் கணக்கிட்டு நீண்ட எண்ணொன்று பெறுவது அது. ஒரு பிட் மாறினும் எண் மாறிவிடும். மூலத்தின் எண்ணும் பிரதியின் எண்ணும் ஒத்தால் ஐயமில்லை. இதனைச் செய்யும் செயலிகள் செல்போனுக்கும் உள.

பிரதிகளை எங்கே வைப்பது? பீட்டர் குரோ என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் பரப்பிய விதியொன்று உண்டு: மூன்று படி, இருவகைச் சாதனம், ஒரு படி வேறிடத்தில். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறிப் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை இப்பகுதியார் மறவார். வீட்டுக் கூரை போகும்போது, அலமாரியில் மூன்று படி இருந்தாலென்ன, முப்பது இருந்தாலென்ன? பிரயாணத்தில் ‘வேறிடம்’ என்பது வேறு பையெனக் கொள்க. எஸ்.எஸ்.டி. ஒன்று தம் உடையோடும், மற்றொன்று உடன்வருவார் பையிலும், கார்டுகள் தனி உறையிலுமாகப் பிரிந்து செல்லல் வேண்டும். மூன்றும் ஒரே பையிலிருப்பின், பஸ் நிலையத்தில் ஒரு திருடனுக்கு ஒரு பைதான். தனியே செல்வார், இரண்டாம் பிரதியை நெய்வேலியிலேயே விரைவு அஞ்சலில் வீட்டு முகவரிக்கு அனுப்பிவிடலாம். அலைபேசிக் கோபுரம் 40 மணியிற் கொண்டுபோகாததைத் தபால்காரர் பெரும்பாலும் ஓரிரு நாளிற் கொண்டு சேர்ப்பார்.

அனுப்புமுன் கடவுச்சொல்லாற் பூட்டும் வசதியுடைய எஸ்.எஸ்.டி.யைத் தேர்தல் நன்று. நிலத்தைப் பற்றியும் இழப்பீட்டைப் பற்றியும் ஊரார் மனந்திறந்து பேசியவை அந்நியர் கைக்குப் போவது, நாம் படத்தை இழப்பதினும் அவர்க்குப் பெருந்தீங்காய் முடியலாம். இதனைப் பலர் எண்ணுவதேயில்லை.

நிறைந்த கார்டின் பக்கத்திலுள்ள சிறு பூட்டுக் குமிழைத் தள்ளிவைத்து, உறையின்மேல் தேதியும் வட்டத்தின் எண்ணும் எழுதுக. கார்டு விலை மலிந்த இந்நாளில், பிரயாணம் முடியுமட்டும் எந்தக் கார்டையும் அழியாதிருக்குமளவு கார்டுகளை வாங்கிச் செல்லுதல் சிக்கனமேயாகும். ஊர் திரும்பியவுடன் கல்லூரிக் கணினிக்கும் அங்குள்ள ஹார்ட் டிஸ்க்குக்கும் படத்தை மாற்றிவிடல் வேண்டும்; எஸ்.எஸ்.டி. மின்னூட்டமின்றிப் பல ஆண்டு அலமாரியிற் கிடத்தற்கு ஏற்றதன்று. அவ்விரண்டையும் ஓட்டிப் பார்த்த பின்னர், கார்டைப் போனிலன்றிக் காமிராவிலேயே பார்மட் செய்க.