குளிர்பானச் சந்தை கற்பிக்கும் விற்பனைப் பாடம்



சித்திரை வெயிலில் கோரிப்பாளையம் சந்திப்பில் சிறிது நேரம் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். வைகைப் பாலத்தைக் கடந்து வருவோர், தர்காவுக்கு வந்தோர், அரசு இராசாசி மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்க வந்தோர் ஆகிய பலரும் தாகத்துடன் ஒரு பெட்டிக்கடையை நாடுகின்றனர். கடைக்காரர் குளிர்பெட்டியைத் திறக்கிறார். அமெரிக்காவில் பிறந்த பானமும் விருதுநகரில் பிறந்த பானமும் அங்கே அருகருகே நிற்கின்றன. வந்தவர் ஒன்றைக் கையிலெடுத்துக் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

தறிக்காரருக்கும் விவசாயிக்கும் பானக் கடையில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு. நல்ல சரக்கை உண்டாக்குவது பாதி வேலையே. அதை வாங்குபவரின் கைவரை கொண்டு சேர்க்கும் வழியை யார் வைத்திருக்கிறார் என்பது மறு பாதி. இந்த உண்மையைக் குளிர்பான வியாபாரம் போல் தெளிவாகக் காட்டும் தொழில் வேறொன்று இல்லை.

1. உள்ளூர்ச் சோடாவின் பலமும் பலவீனமும்

கோலி சோடாப் புட்டிக்கு 1872ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ஹிராம் காட் என்னும் ஆங்கிலேயர். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் கண்ணாடிக் கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கி வாயை அடைக்கும். மூடி வேண்டாம்; சிறு இயந்திரம் போதும். ஆகவே ஊருக்கு ஊர் சோடாக் கம்பெனிகள் தோன்றின.

ஆனால் பானம் என்பது பெரும்பாலும் தண்ணீரே. எடை அதிகம், விலை குறைவு. தூரம் கூடினால் வண்டிக் கூலியே இலாபத்தைத் தின்றுவிடும். மேலும் கண்ணாடிப் புட்டி திரும்பி வந்தாக வேண்டும். கடையில் ஒன்று, வண்டியில் ஒன்று, கழுவுமிடத்தில் ஒன்று என, விற்கும் ஒவ்வொரு புட்டிக்கும் பின்னால் பல புட்டிகளில் முதல் முடங்கிக் கிடக்கும். சிறு முதலாளி தம் ஊர் எல்லையைத் தாண்ட இயலாமற்போனதற்கு இவையே முக்கியக் காரணங்கள்.

2. தண்ணீரைச் சுமக்காத வியாபாரம்

1886இல் அட்லாண்டா நகரில் பிறந்த கோகோ கோலா இத்தடையை வேறொரு வழியில் தாண்டியது. 1899இல் இரு வழக்கறிஞர்கள் அப்பானத்தைப் புட்டியில் அடைத்து விற்கும் உரிமையை ஒரே ஒரு டாலர் விலை பேசிப் பெற்றனர். அன்று முதல் கம்பெனி விற்றது சாற்றையும் பெயரையுமே. தண்ணீர், புட்டி, வண்டி, ஆட்கூலி ஆகியவற்றைப் பெரும்பாலும் அந்தந்த ஊர் முதலாளிகளே ஏற்றனர். உலகமெங்கும் பரவ வழி செய்தது இந்த ஏற்பாடே.

போட்டியாளரான பெப்சி 1930களின் பொருளாதார மந்தத்தின்போது வேறொரு தந்திரத்தைக் கையாண்டது. எதிரி ஆறரை அவுன்சு விற்ற அதே ஐந்து காசுக்குப் பன்னிரண்டு அவுன்சு கொடுத்தது. கையில் காசு குறைந்த காலத்தில் மக்கள் அளவைப் பார்த்து வாங்கினர்.

3. நம் நாட்டில் நடந்த போட்டி

கோகோ கோலா 1950இல் இந்தியாவுக்கு வந்தது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம், வெளிநாட்டுக் கம்பெனிகள் தம் பங்கை நூற்றுக்கு நாற்பதாகக் குறைக்க வேண்டுமெனப் பணித்தது. அதற்கு இசையாமல் 1977இல் அது வெளியேறியது. அவ்விடத்தை நிரப்ப அரசு நிறுவனமான மாடர்ன் பேக்கரீஸ் 'டபுள் செவன்' என்னும் பானத்தை வெளியிட்டது, அது நிலைக்கவில்லை. பார்லே கம்பெனியின் தம்ஸ் அப் நிலைத்தது. அரசின் ஆதரவு ஒரு பானத்தைக் கடைவரை கொண்டு வரலாம். மீண்டும் மீண்டும் வாங்க வைக்க அதனால் இயலாது.

1990இல் பெப்சி வந்தது. 1993இல் கோகோ கோலா திரும்பியது. அவ்வாண்டிலேயே பார்லே தன் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் முதலிய பெயர்களை அதனிடம் விற்றுவிட்டது. சந்தையில் முதலிடத்திலிருந்தவர் ஏன் விற்றார்? பார்லே பானங்களைப் புட்டியில் அடைத்தவர்களில் பெரும்பாலோர் தனி முதலாளிகள். அவர்கள் எதிரியின் பக்கம் சாய்ந்தால் பெயர் மட்டும் மிஞ்சும். சரக்குக் கடைக்குப் போகாது. விற்பனை வழி பிறர் கையிலிருந்ததன் விளைவு இது.

4. விருதுநகர்ப் பானமும் 2017ஆம் ஆண்டும்

1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளி மார்க் நிறுவனம் 1950களின் இறுதியில் திராட்சை மணமுள்ள பொவன்டோவை வெளியிட்டது. பெரிய கம்பெனிகளின் வருகைக்குப் பின்னரும் அது தென்மாவட்டங்களில் நிலைத்து நின்றது. மக்கள் நாவுக்குப் பழகிய சுவையும் மாறாத பெயரும் அதன் காப்பு.

2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் அலங்காநல்லூரிலும், கோரிப்பாளையத்துக்கு அண்மையிலுள்ள தமுக்கத்திலும் கூடினர். அவ்வெழுச்சியின் தொடர்ச்சியாக, மார்ச் 1 முதல் பெப்சி, கோகோ கோலா பானங்களை விற்பதில்லை என வணிகர் அமைப்புகள் அறிவித்தன. உள்ளூர்ப் பானங்களுக்குக் கிராக்கி திடீரென உயர்ந்தது. காலப்போக்கில் அந்நியப் பானங்களும் கடைகளுக்குத் திரும்பின. உணர்ச்சி ஒரே நாளில் எழும். தொழிற்சாலையும் வண்டியும் குளிர்பெட்டியும் ஒரே நாளில் எழா. வாடிக்கை தேடி வரும்போது கொடுக்கச் சரக்கு வேண்டும். அதற்கான ஆயத்தம் முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும்.

இப்போது உள்நாட்டுப் பெருமுதலும் களத்தில் இறங்கியிருக்கிறது. ரிலையன்ஸ் 2022இல் பழைய காம்பா பெயரை வாங்கி, மறு ஆண்டு 200 மில்லி பத்து ரூபாய் என்று இறக்கியது. பெப்சியின் 1930ஆம் ஆண்டுகளின் தந்திரமே மீண்டும் வந்தது. இத்தகைய விலைப் போட்டியில் முதலில் மூச்சுத் திணறுபவர் சிறு முதலாளி.

5. நமக்குரிய பாடம்

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் விளையும் பெங்களூரா மாம்பழம் கூழ் ஆலைகளுக்குச் சென்று மாம்பழப் பானமாகிறது. பானப் புட்டியில் விவசாயியின் பெயர் இல்லை. விலை பேசும் நாளில் அவர் குரலுக்கு வலிமையும் இல்லை. பழம் காத்திருக்காது என்பது வாங்குபவருக்குத் தெரியும்.

நெசவிலும் இதே நிலை உண்டு. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயருக்கு வேலி. பெயர் தானாகக் கடைக்கு நடந்து போகாது. இதை அன்றே உணர்ந்துதான் 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோற்றுவிக்கப்பட்டது. நெய்பவர் பலர், விற்பனை வழி ஒன்று, அவ்வழிக்கு உரிமையாளர் நெய்பவரே என்பது அதன் கருத்து.

தனி நெசவாளரால் ஒரு கடையை நிரப்ப இயலாது. தனி விவசாயியால் ஒரு லாரியை நிரப்ப இயலாது. சங்கத்தால் இரண்டும் இயலும். ஆனால் அங்கத்தினர் ஒருவர் அவசரத்துக்காக நல்ல சேலையை வெளி வியாபாரிக்கும், குறையுள்ளதைச் சங்கத்துக்கும் கொடுப்பாரானால், பார்லேயின் புட்டி முதலாளிகளைக் குறித்து எழுந்த அதே ஐயம் நம் சங்கத்திலும் எழும். வழி நம்முடையதாயிருந்தும் நாமே அதை அடைத்தவர்களாவோம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. சென்ற ஆண்டு நம் அங்கத்தினர் உற்பத்தியில் எவ்வளவு சங்கத்தின் வழியாக விற்றது? எஞ்சியது எங்கே சென்றது?

2. நம் சரக்கை ஒரு முறை வாங்கியவர் மறுமுறை பெயர் சொல்லிக் கேட்கும்படி அதில் அடையாளம் உண்டா? தரம் ஒரே சீராக உள்ளதா?

3. திருவிழாக் காலத்தில் கிராக்கி இருமடங்கானால் கொடுக்க நம்மிடம் இருப்பு உண்டா?

இம்மூன்றுக்கும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விடை காணுமாறு வேண்டுகிறோம்.