கூந்தல் தைலம்: பயனும் எல்லையும்

நெசவுக் குடும்பமாயினும் உழவுக் குடும்பமாயினும், தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கினால் வீட்டில் கவலை குடிபுகுகிறது. அக்கவலையை நம்பியே வாணிகம் செய்வோரும் பலர். சில வாரங்களில் வழுக்கையிலும் முடி முளைக்கும் என்று கூறிப் புட்டிகளை விற்கின்றனர். தறியிலும் வயலிலும் பாடுபட்டுத் தேடிய பொருள் இவ்வாறு கரைவது ஒரு நஷ்டம். உதிர்வுக்குக் காரணமான நோய் கவனிப்பாரின்றி உடலில் வளர்வது அதனினும் பெரிய நஷ்டம். ஆகவே, ஆயுர்வேத மூலிகைத் தைலம் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. முடி ஏன் உதிர்கிறது?

நம் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, சுமார் 3 மாதம் ஓய்வு கொண்டு, பின் உதிர்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கையே. முடி மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஆதலால் எந்த மருந்தையும் ஒரு மாதத்தில் மதிப்பிட இயலாது.

கடுஞ்சுரம், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பெருந்துயரம் ஆகியவற்றிற்குப் பின் 2 அல்லது 3 மாதம் கழித்து முடி மிகுதியாக உதிர்வதுண்டு. இதில் வேர் அழிவதில்லை. பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் முடி தானே மீள்கிறது. அச்சமயம் எந்த எண்ணெயைத் தடவியிருந்தாலும் புகழ் அந்த எண்ணெய்க்கே போய்ச் சேரும்!

இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டுச் சுரப்பியின் கோளாறு, பரம்பரை வழுக்கை, புழுவெட்டு, தலைத்தோலில் பற்றும் படை ஆகியவை பிற காரணங்கள். காரணத்திற்கேற்பச் சிகிச்சையும் வேறுபடும்.

2. ஆயுர்வேதம் கூறுவது

முடி உதிர்தலைக் காலித்தியம் என்றும், நரையைப் பாலித்தியம் என்றும் ஆயுர்வேத நூல்கள் வழங்குகின்றன. பித்தம் வாதத்துடன் கூடி முடியை உதிர்க்கிறது. பின்னர்க் கபமும் இரத்தமும் மயிர்க்கால்களை அடைப்பதால் புதுமுடி முளைப்பதில்லை என்பது அந்நூல்களின் விளக்கம். எனவே உணவு, உறக்கம், மன அமைதி ஆகியவற்றையும் தைலத்தோடு சேர்த்தே வைத்தியர் கவனிப்பர்.

இதற்குரிய மூலிகைகளில் முதன்மையானது கரிசலாங்கண்ணி. வடமொழியில் பிருங்கராஜம் என்பது இதுவே. வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வெண்ணிறப் பூவுடன் தானே முளைக்கும். 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதன் சாரத்தைப் பூசிய எலிகளின் தோலில் வளரும் பருவத்து மயிர்க்கால்கள் மிகுந்தன. ஆனால் எலியிடம் கண்ட பயனை மனிதனுக்கு உறுதியாகக் கூறிவிடலாகாது.

நீலிபிருங்காதி தைலத்தில் கரிசலாங்கண்ணியுடன் சேர்வது அவுரி. நெசவாளருக்கு இது புதிய செடியன்று. நூலுக்கு நீலச்சாயம் தந்த செடியே. தென் மாவட்டங்களில் பேதி மருந்தாகிய நிலாவாரையையும் அவுரி என்பர். இரண்டும் வேறு என்பதை மனத்திற் கொள்க.

தைலத்திற்கு அடிப்படையான தேங்காயெண்ணெயும் வெறும் ஊடகம் அன்று. கனிம எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றைவிட அது முடியின் புரத இழப்பை நன்கு குறைக்கிறது என 2003-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. முடி முறிவது இதனால் குறையலாம். புதுமுடி முளைப்பது வேறு செய்தி.

3. காய்ச்சும் முறை

இலைச்சாற்றால் தைலம் காய்ச்சும்போது எண்ணெய் 1 பங்கு, சாறு 4 பங்கு, அரைத்த விழுதாகிய கல்கம் எட்டில் ஒரு பங்கு என்பது விதி. அதன்படி:

தேங்காயெண்ணெய் – 1 லிட்டர்
கரிசலாங்கண்ணிச் சாறு – 4 லிட்டர்
நெல்லிமுள்ளியும் அதிமதுரமும் சேர்த்து அரைத்த கல்கம் – 125 கிராம்

நுரைத்துப் பொங்குமாதலால் அகன்ற பெரிய பாத்திரமே வேண்டும். சிறு தீயில் அடி பிடியாமல் கிளறிக் காய்ச்சுக. குழந்தைகளை அருகில் விடலாகாது. கல்கத்தை விரலிடையே உருட்டினால் திரியாக வரவேண்டும். அத்திரியைத் தீயிலிட்டால் சடசடவென வெடிக்கலாகாது. வெடித்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். அத்தைலம் விரைவில் கெடும். பதம் வந்தபின் இறக்கி வடிகட்டி, உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் வைக்க. முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பார்த்து, அரிப்போ தடிப்போ இல்லையெனில் தலைக்குத் தேய்க்கலாம். புண், சீழ், படை உள்ள தலைக்குக் கூடாது.

4. எப்போது மருத்துவரை நாடுவது?

வட்டமாக முடி கொட்டினாலும், தலைத்தோலில் செதிலோ வலியோ கண்டாலும், உதிர்வுடன் களைப்பு, மூச்சு வாங்குதல், மாதவிலக்கில் மிகுந்த போக்கு, உடல் எடையில் மாறுதல் ஆகியவை சேர்ந்தாலும் தாமதித்தலாகாது. பிரசவித்த பெண்ணுக்கு உதிர்வுடன் சோர்வும் நீடித்தால், எண்ணெய் வாங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். இரத்தசோகையை எந்தக் கூந்தல் தைலமும் தீர்க்காது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுவதில் செலவும் இல்லை.

5. சங்கத்தின் பங்கு

வழுக்கையைக் குணப்படுத்துவதாகவோ, புதுமுடி முளைக்கச் செய்வதாகவோ கூறி மருந்து விற்பதை நம் நாட்டு மருந்து விதிகள் அனுமதிப்பதில்லை. அத்தகைய உறுதி எங்கே பெரிதாக அச்சிடப்பட்டிருக்கிறதோ, அங்கே நம் ஐயமும் பெரிதாக வேண்டும்.

வீட்டிற்குத் தைலம் காய்ச்சுவது வேறு. மருந்தாக விற்பது வேறு. விற்பனைக்கு 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். கூட்டுறவால் இது இயலாததன்று. வைத்தியர்கள் 1944-இல் சென்னையில் தொடங்கிய இம்காப்ஸ் கூட்டுறவு மருந்துச்சாலையே சான்று. மூலிகை பயிரிட விரும்பும் அங்கத்தினர், வாங்குவோரையும் விலையையும் சங்கத்தின் மூலம் உறுதி செய்தபின்பே நிலத்தை ஒதுக்குதல் நலம்.

மூலிகையை நாம் மதிப்போம். அதன் பெயரால் வரும் பொய்யை மதியோம். தலைக்குத் தைலம், உடலுக்குப் பரிசோதனை, இரண்டும் அவரவர் காலத்தில் நடக்கட்டும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க:

1. பிரசவத்திற்குப் பின் முடி உதிர்ந்து மீண்டால், அது தைலத்தின் பயன் என உறுதியாகக் கூறலாமா?
2. தைலத்தில் ஈரம் உள்ளதை எவ்வாறு அறிவது?
3. நம் ஊர் வரப்புகளில் கரிசலாங்கண்ணி எங்கெங்கு உள்ளது? களைக்கொல்லி படாத இடங்கள் எவை?