லாரி புக்கிங் தொழிலுக்கு வரும் தம்பிக்கு

நாமக்கல், சங்ககிரி, சேலம் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ் போட ஒரு மேசையும் இரண்டு செல்போனும் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆரம்பிக்க அது போதும், நிலைத்து நிற்கப் போதாது. புரோக்கருக்குச் சரக்கும் சொந்தமில்லை, வண்டியும் சொந்தமில்லை. முன்பின் பார்த்திராத இரண்டு பேர் உன் பேச்சை நம்பி லட்சக்கணக்கான ரூபாய்ப் பொருளை ரோட்டில் அனுப்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத் தெரிந்தவன்தான் இந்தத் தொழிலில் தலைமுறை தாண்டி நிற்கிறான்.

1. வாடகை பேசும் முன் விவரம் கேள். என்ன சரக்கு, எத்தனை டன், நீளம் உயரம் எவ்வளவு, தார்ப்பாய் வேண்டுமா, ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் யார் கணக்கு, எத்தனை இடத்தில் இறக்க வேண்டும்? இவற்றில் ஒன்றை விட்டாலும் இறக்கும் இடத்தில் தகராறு வரும். பேசி முடித்ததை இரு தரப்புக்கும் எழுத்தில் அனுப்பிவிடு.

2. திரும்பி வரும் லோடை வைத்து வாடகையை எடை போடு. சேலத்து ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிரா போகிற வண்டி, நாசிக் பக்கம் வெங்காயம் கிடைத்தால் நிறைந்து திரும்பும். அங்கே வெங்காய வரத்து நன்றாக இருந்தால் வண்டிக்காரர் இங்கிருந்து குறைந்த வாடகைக்கும் சம்மதிப்பார். வரத்து இல்லாவிட்டால் காலி வண்டியாகத் திரும்பும் டீசலையும் டோலையும் சேர்த்துத்தான் கேட்பார். அதனால் உள்ளூர் நிலவரம் மட்டும் தெரிந்தால் பற்றாது. வண்டி போய்ச் சேரும் ஊர்ச் சந்தையும் தெரிய வேண்டும். அங்கே நம்பகமான ஒரு புக்கிங் ஆபீஸின் பழக்கம் உனக்கு இருக்க வேண்டும்.

3. பேலன்ஸ் பணத்தில் கை வைக்காதே. நான் சொல்வதில் இதுதான் தலையானது. ஏற்றியதும் அட்வான்ஸ், இறக்கியபின் பேலன்ஸ் என்பது நம் வழக்கம். ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு அந்தப் பேலன்ஸில்தான் பைனான்ஸ் டியூவும் டயரும் டிரைவர் சம்பளமும் அடங்கியிருக்கின்றன. சரக்கு அனுப்பும் பார்ட்டி கொடுத்த பணத்தை இன்னொரு லோடுக்கு அட்வான்ஸாகச் சுழற்றுகிறவன் முதல் வருடம் வேகமாக வளர்வதுபோல் தெரியும். ஒரே ஒரு பார்ட்டி பணம் தராமல் இழுத்தால் போதும், இருபது வண்டிக்காரர் அவன் ஆபீஸ் வாசலில் நிற்பார்கள். வாடகைப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வை. கமிஷனை மட்டும் உன் கணக்குக்கு மாற்று. பார்ட்டி தாமதித்தால் அன்றைக்கே வண்டிக்காரரிடம் உண்மையைச் சொல். சரக்குக் குறைவு என்று பிடித்தம் செய்தால் எடைச் சீட்டைக் காட்டிப் பிடி.

4. கமிஷனை வெளிப்படையாகப் பேசு. பார்ட்டியிடம் ஒரு வாடகை, வண்டிக்காரரிடம் வேறொரு வாடகை என்று மறைத்தால் இறக்கும் இடத்தில் டிரைவர் வாயிலாகவே அது வெளியே வந்துவிடும்.

5. தெரியாத வண்டிக்கு அவசரப்பட்டு லோடு கொடுக்காதே. ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் ஐந்தையும் பார். வண்டி எண்ணை அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டுச் சரிபார். போலி நம்பர் பிளேட்டோடு வந்து சரக்கோடு மறைகிற கூட்டம் இருக்கிறது. உரிமையாளரிடம் நேரடியாகப் பேசாமல், சேஸிஸ் எண்ணை ஒப்பிடாமல் விலை உயர்ந்த சரக்கை ஏற்றவிடாதே.

6. ஓவர்லோடுக்குத் துணை போகாதே. பத்துச் சக்கர லாரிக்கு வண்டியும் சரக்குமாகச் சேர்த்து 28.5 டன்தான் 2018 முதல் உள்ள வரம்பு. மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம். அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். மிகுதிச் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். பணத்தைவிடப் பெரிது, பிரேக் பிடிக்காத மலை இறக்கத்தில் ஒரு டிரைவரின் உயிர்.

7. இ-வே பில்லில் கண் வை. மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் அது கட்டாயம். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அது செல்லுபடியாகும். வழியில் வண்டி பழுதாகிச் சரக்கை மாற்றி ஏற்றினால் புது வண்டி எண்ணைப் பில்லில் சேர்க்க வேண்டும். காலக்கெடு முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ளலாம். இதை டிரைவர் தலையில் கட்டாதே. கெடு எப்போது முடிகிறது என்று பார்த்துப் பார்ட்டிக்கு நினைவூட்டுவது உன் வேலை.

8. சட்டப்படி நட. சரக்கு ஏஜென்டுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு சொல்கிறது. உன் பெயரில் சரக்கு ரசீது போட்டால், 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவும் பொறுப்பும் உன்னைச் சேரும். வண்டி இன்சூரன்ஸ் சரக்கு நஷ்டத்துக்கு ஈடு தராது. சரக்குக்குத் தனியாக டிரான்ஸிட் இன்சூரன்ஸ் எடுக்கும்படி பார்ட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடு.

9. டிரைவரை மதி. இறக்கும் இடத்தில் வண்டியை இரண்டு நாள் நிறுத்திவைத்தால் அவருக்குச் சோறும் குளியலும் கூடச் சிரமம். எத்தனை மணி நேரத்துக்கு மேல் ஹால்டிங் காசு என்பதை லோடு பேசும்போதே முடிவு செய். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் அழைத்தாலும் போனை எடு.

லோடையும் லாரியையும் இணைக்கும் செயலிகள் வந்துவிட்டன. அவற்றைப் பயன்படுத்து, பயப்படாதே. பழுதாகி நிற்கும் வண்டிக்கு மெக்கானிக்கை அனுப்பவும், கோபத்தில் இருக்கும் பார்ட்டியைச் சமாதானப்படுத்தவும், பணம் வருமா என்ற கேள்விக்குப் பொறுப்போடு பதில் சொல்லவும் ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதராக நீ இரு. லோடு இறங்கிக் கையெழுத்தான ரசீது கைக்கு வந்த அன்றே பேலன்ஸைக் கொடு. இதை ஐந்து வருடம் தவறாமல் செய்து பார், வண்டிக்காரர்கள் உன் ஆபீஸைத் தேடி வருவார்கள்.