கரடியின் சுற்றெல்லையும் காட்டின் வளமும்

கிராமத்தருகே கரடி வந்தால், அது மனிதர்மீது பகைகொண்டு வந்ததாக ஜனங்கள் எண்ணுவதுண்டு. இது சரியன்று. கரடி எங்கெங்கு, எவ்வளவு தூரம் நடமாடும் என்பதைப் பெரும்பாலும் ஆகாரம், தண்ணீர், மறைவிடம் ஆகிய மூன்றுமே நிர்ணயிக்கின்றன. அங்கத்தினர்கள் இதனை அறிந்தால் விபத்துகள் பல குறையும்.

நம் காடுகளில் வாழும் தேன்கரடிக்குக் கறையானும் எறும்பும் முக்கிய ஆகாரம். தேனையும் நாவல், இலந்தை, அத்தி, கொன்றை முதலியவற்றின் பழங்களையும் அது விரும்பி உண்ணும். மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டும் இல்லாததால், அவ்விடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சுவது அதற்கு எளிது.

நன்செய் சிறிது உடையவனும் அதனைக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றலாம்; மானாவாரிக்காரனுக்கோ நிலம் அதிகம் வேண்டும். கரடிக்கும் இதே கணக்குதான். நேபாளத்துச் சித்வன் காட்டில் கரடிகளுக்கு ரேடியோக் கழுத்துப்பட்டை அணிவித்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவுகள் 1995-ல் வெளியாயின. கறையானும் கனியும் மிகுந்த அக்காட்டில் பெண் கரடியின் சுற்றெல்லை சராசரி சுமார் 9 சதுர கிலோமீட்டர். ஆண் கரடிக்குச் சுமார் 14. வறண்ட மாதங்களில் அவை ஆற்றோரப் புல்வெளியில் மேய்ந்தன. மழையில் அந்நிலம் நீர்கோத்துக்கொள்ளவே மேட்டுக்காட்டிற்கு ஏகின. ஒன்றின் எல்லை மற்றொன்றின் எல்லைமேல் படிந்தும் இருந்தது. ஆகவே கரடியின் எல்லை வேலியிட்ட வயல் அன்று, பருவத்தோடு மாறுவது.

காட்டில் கனிமரம் குறைந்து, ஊரோரத்தில் பலாப்பழமும் எச்சில் உணவும் கிடைத்தால், கரடி ஊரையே தன் சுற்றெல்லைக்குள் சேர்த்துக்கொள்ளும். நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களையும் குடியிருப்புகளையும் கரடிகள் நாடுவதைப் பலரும் கண்டிருக்கின்றனர்.

ஆதலால் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. காட்டோரத்து நாவல், அத்தி மரங்களை வெட்டலாகாது. பழம் சேகரிப்போர் ஒரு பங்கை மரத்திலேயே விட்டுவிடுக.

2. உணவுக்கழிவைக் குழியிலிட்டு மூடுக. பழுத்த பலாவை உடனே இறக்குக.

3. வீட்டருகும் பாதையோரமும் அடர்ந்த உண்ணிச்செடியை அகற்றுக. பகலில் கரடி பதுங்க அது இடமாகும்.

4. விடியலிலும் அந்தியிலும் காட்டுவழியே தனித்துச் செல்லாமல், கூட்டமாகப் பேசிக்கொண்டு செல்க. குட்டியைக் கண்டால் கிட்டே போகாமல் விலகுக. தாய் அருகிலேயே இருக்கும்.

5. கரடியைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது ஊரருகே தங்கினால் வனத்துறையினருக்கு அறிவிக்க.

இவை ஒருவர் செய்வதால் மட்டும் பயன் தரா. ஒரு வீட்டின் குப்பை பத்து வீட்டுக்கும் கரடியை அழைத்துவரும். ஆகையால் சங்கக் கூட்டத்தில் கலந்து பேசி, ஊரார் அனைவரும் ஒருமித்து நடப்பதே உசிதம்.